பன்னிரண்டாவது கருப்புக் கோடு

சென்ற மாதம் கவிதா போன் செய்தார். நான் ஓய்வுபெற்ற பிறகு, கல்லூரியின் ஆராய்ச்சிப் பிரிவில் என் நாற்காலிக்கு வந்தவர்.

"சார், இங்க பெரிய டிவி ஒண்ணு மாட்டிட்டாங்க. யாரோட பேப்பர எத்தன பேரு மேற்கோள் காட்டியிருக்காங்கன்னு தானா ஓடுது. கையால எண்ற வேலையே இல்ல."

"சந்தோஷம்மா. கண்ணு பொழச்சிது."

"ஒரே ஒரு டவுட்டு சார். பழைய ஃபைலுங்கள ஸ்கேன் பண்றோம். செவப்பு, நீலம், பச்ச மூணுக்கும் அட்டையிலயே அர்த்தம் எழுதி வெச்சிருக்கீங்க. கிரேஸ் மேடம் ஃபைல்ல மட்டும் கருப்பு பென்சில்ல பதினோரு கோடு இருக்குது. அதுக்கு ஒண்ணுமே எழுதல. அது இன்னா சார்?"

போனில் சொல்லக்கூடியது இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்து மூன்று வாரம் ஆகிறது. 

நான் கணக்குப் படித்தவன் இல்லை. ஆங்கிலத்தில் பி.ஏ. முடித்துவிட்டு வேலூரில் ஒரு தமிழ் நாளிதழில் பிழை திருத்துபவனாக எட்டு ஆண்டு இருந்தேன். அங்கே கற்றது ஒன்றைத்தான் இங்கே சொல்ல வேண்டும்.

ஆம்பூர் அருகே லாரியும் வேனும் மோதிக்கொண்டன. இறந்தவர் பட்டியல் ஒரு தாளில், காயமடைந்தவர் பட்டியல் இன்னொரு தாளில் வந்தது. முதல் பக்கத்தை அமைத்தபோது காயமடைந்த ஒருவர் இறந்தவர் பட்டியலின் கடைசியில் சேர்ந்துவிட்டார். பெயர் சரி, வயது சரி, ஊர் சரி. ஓர் எழுத்துகூடப் பிழையில்லை. நான் கையெழுத்து வைத்தேன். மறுநாள் அவருடைய அண்ணன் அலுவலகத்துக்கு வந்தார். அவர் கத்தவில்லை.

"ஆஸ்பத்திரில இட்லி துன்னுக்கினு இருக்கான் சார் என் தம்பி. எங்கம்மாதான் பேப்பரப் பாத்துட்டு உழுந்தாங்க. இன்னும் கண்ணத் தொறக்கல."

அடுத்த நாள் ஆறாம் பக்கத்தின் அடியில் இரண்டு வரியில் திருத்தம் போட்டோம். முதல் பக்கத்தைப் படித்தவர்களில் ஒருவராவது அந்த இரண்டு வரியைப் பார்த்ததாக எனக்குத் தகவல் இல்லை. அந்த அம்மா கண்ணைத் திறந்தாரா என்று நான் விசாரிக்கவும் இல்லை. விசாரிக்கப் பயந்தேன்.

பிறகு அந்தப் பதிப்பு மூடப்பட்டு, ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் நூலகத்தில் சேர்ந்தேன். சில ஆண்டுகளில் அங்கே ஆராய்ச்சிப் பிரிவு என்று ஒன்றைத் தொடங்கி, நூலகத்தின் மாடியில் எனக்கு ஒரு மேசை போட்டார்கள்.

வேலை இதுதான். ஓர் ஆய்வாளர் ஒரு கட்டுரை வெளியிடுகிறார். பின்னால் எழுதுகிறவர்கள் தங்கள் கட்டுரையில் அதைக் குறிப்பிட்டால் அது ஒரு மேற்கோள், ஆங்கிலத்தில் சைட்டேஷன். மொத்தம் எத்தனை மேற்கோள் என்பதுதான் அந்த ஆய்வாளரின் எடை. பதவி உயர்வும் விருதும் கல்லூரியின் தரவரிசையும் அந்த எடையைப் பார்த்துத்தான் முடிவாகும். ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொருவரின் பட்டியலையும் இணையத்திலிருந்து எடுத்து அச்சிட்டு, சரிபார்த்து, 'எண்ணிக்கை சரி' என்று கையெழுத்திட வேண்டும்.

ஆய்வாளர் தன்னையே குறிப்பிட்டிருந்தால் சிவப்புக் கோடு. ஒரே கட்டுரை இரண்டுமுறை வந்திருந்தாலோ வேறொருவருடையது கலந்திருந்தாலோ நீலம். கலப்பது அடிக்கடி நடக்கும். நம் ஊர் இனிஷியல் வெளிநாட்டு இணையதளங்களுக்குப் பிடிபடாது. இயந்திரவியல் துறை எம். குமாரின் கணக்கில் ஓர் ஆண்டு ஒன்பது பல் மருத்துவக் கட்டுரைகள் வந்து உட்கார்ந்திருந்தன. வேறு எம். குமார். டீனிடம் காட்டினேன்.

"விடுய்யா ஏழுமலை, பல்லும் ஒரு மெஷின்தானே" என்றார்.

பச்சை என் சொந்தச் சேர்க்கை. மேற்கோள் காட்டுகிறவர் பெயருக்குக் குறிப்பிட்டாரா, உண்மையிலேயே அந்த ஆய்வைப் பயன்படுத்தினாரா என்று பார்ப்பேன். அதற்காக அந்தக் கட்டுரையையே இறக்கி, மேற்கோள் வருகிற வாக்கியத்தைத் தேடிப் படிப்பேன். பயன்படுத்தியிருந்தால் பச்சை. இதை யாரும் கேட்கவில்லை. அந்த இறந்தவர் பட்டியலுக்குப் பிறகு, எந்தத் தலைப்பின்கீழ் யார் இருக்கிறார் என்று பார்க்காமல் கையெழுத்துப் போட என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

டீன் தணிகாசலம் ஃபைலைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பவர். அவர் அறையில் வருகிறவர்களுக்கு இரண்டு நாற்காலிகள் உண்டு. இரண்டின் மேலும் ஃபைல்கள் இருக்கும். அவரே எழுந்து ஒன்றைக் காலிசெய்து கொடுத்தால் நல்ல செய்தி. இல்லையென்றால் நின்றபடியே கேட்க வேண்டும். சாதாரண நாட்களில் "யோவ்", "இன்னாய்யா" என்பார். கோபம் வந்தால் குரல் ஏறாது. கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் குப்புற வைப்பார். அதற்குப் பிறகு 'ய்யா' போய் 'ங்க' வந்துவிடும். அந்த மரியாதை வந்த பிறகு வேலையில் நிலைத்தவர்கள் குறைவு.

கிரேஸ் மேடத்தைக் கல்லூரிக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். மேடம் ஆம்பூரில் பிறந்தவர். சிறு வயதில் அவர் வீட்டுக் கிணறு மஞ்சளாக மாறி, பின் மூடப்பட்டது. அவர் துறை அறிவியல் கணிப்பு. இயற்கையில் நடப்பதைச் சமன்பாடுகளாக எழுதி, கையால் தீர்க்க முடியாத அவற்றைக் கணினியைக் கொண்டு தீர்ப்பது. தோல் பதனிடும் ஷெட்டிலிருந்து இறங்கிய உப்புத் தண்ணீர் நிலத்தடியில் எங்கே போகும், கடைசியில் எதுவரை பரவி நிற்கும் என்பதை வேகமாகக் கணக்கிடும் ஒரு முறையை அவர் எழுதினார். அதற்கான நிரலையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் வைத்தார். அந்த ஒரு கட்டுரையைத்தான் உலகெங்கும் எடுத்தாண்டார்கள். எங்கள் கல்லூரியில் வேறு யாருக்கும் நூறு மேற்கோள் இல்லாதபோது அவருடைய கட்டுரை முந்நூறைத் தாண்டியது. விளம்பர நோட்டீசில் அவர் படத்தோடு அந்த எண்ணை அச்சிட்டார்கள். அந்த எண்ணுக்குக் கையெழுத்துப் போட்டவன் நான்.

நான் ஓய்வுபெற இரண்டு ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தபோது, தரவரிசைக்காக வெளியிலிருந்து ஒரு நிபுணர் குழு வருவதாக இருந்தது. மேடத்தின் ஃபைல்தான் முதலில் போக வேண்டும். வழக்கம்போல வாக்கியங்களைத் தேடிப் படித்துக்கொண்டு வந்தேன். பச்சை, பச்சை, கோடில்லை, பச்சை. ஒரு வெளிநாட்டு மாணவரின் கட்டுரையில் பென்சில் நின்றது. மேடத்தின் முறையைக் குறிப்பிட்டுவிட்டு, அதில் சொன்ன விடையைத் தன்னால் மறுபடி பெற முடியவில்லை என்று எழுதியிருந்தார்.

எந்த நிறத்தில் கோடு போடுவது என்று தெரியவில்லை. மேசையில் கருப்பு பென்சில் கிடந்தது.

அதன்பின் பயன்படுத்தாதவை என்று நான் முந்தைய ஆண்டுகளில் கோடில்லாமல் விட்டவற்றையும் திரும்ப எடுத்தேன். முழுப் பத்தியையும் படித்தேன். மிக மரியாதையான ஆங்கிலத்தில், அடிக்குறிப்பில், ஒரு துணை வாக்கியத்தின் வாலில் அதே செய்தி இருந்தது. 'சில வகை நிலங்களில் இம்முறை முன்னதாகவே நின்றுவிடுவதாகத் தோன்றுகிறது.' 'மாசின் பரப்பைக் குறைத்துக் காட்டக்கூடும்.' நான்கு நாளில் பதினொன்று சேர்ந்தது. அந்தப் பதினொன்றையும் எண்ணித்தான் முந்நூறு. தவறு என்று சொன்ன ஒவ்வொருவரும் அந்த எண்ணை ஒன்று ஏற்றியிருந்தார்.

கடைசிக் கோடு போட்டது ஒரு திங்கட்கிழமை. அன்று காலையிலேயே ஜவுளிக்கடைப் பையோடு ஒருவர் மாடிக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். பெயர் முனிரத்தினம், பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு சிற்றூரின் ஊராட்சித் தலைவர். ஊர்ப் பெயரை வேண்டுமென்றே விடுகிறேன்.

"கிரேஸ் மேடம் எங்க சார் இருப்பாங்க?"

"க்ளாஸ்ல. பன்னெண்டுக்கு வருவாங்க. உக்காருங்க."

உட்கார்ந்தவர் பையிலிருந்து ஒரு வண்ண வரைபடத்தை எடுத்து என் மேசைமேல் விரித்தார். "இந்தச் செவப்பு இருக்குதே, பழைய ஷெட்டுத் தண்ணி. ஷெட்ட மூடி ரொம்ப வருசமாச்சி, தண்ணி மட்டும் பூமில நடந்துனே இருக்குது. இதோ, இந்த ஓடையாண்ட நின்னுடுதாம். இந்தப் பெருக்கல் குறி போட்டுக்குது பாருங்க, இங்கதான் ஊருக்குக் குடிதண்ணி போரு. வர்ற வியாழக்கெழம போர் போடற வண்டி வருது. ஒருவாட்டி மேடம் கையால காட்டிட்டா தேவல."

"மேடம்தான் எடம் சொன்னாங்களா?"

"கணக்குப் போட்டுச் சொன்னாங்க. ஊருல ஒரே பேஜாரு சார். தேங்கா வெச்சி நீரோட்டம் பாக்கறவரு கோயில் பக்கம் போடுன்னாரு. நாந்தான் வுடல. யோவ், மேடம் கணக்க முந்நூறு பேரு புஸ்தகத்துல எழுதிக்கிறான், உன் தேங்காய எவன்யா எழுதினான்னு கேட்டேன். கம்முனு பூட்டாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரிக்க முயன்றேன்.

"முந்நூறுன்னு யாரு சொன்னாங்க?"

"உங்க காலேஜ் நோட்டீஸ்லயே போட்டுக்குதே சார்."

அவருடைய வரைபடத்துக்கு அடியில், என் மேசையில், பதினொரு கோடு போட்ட ஃபைல் இருந்தது.

எங்கள் கல்லூரியில் எந்த அறிக்கையும் முதலில் டீனிடம் போக வேண்டும். மதியம் போனேன். நாற்காலிகளில் ஃபைல்கள் இருந்தன. நின்றபடி பதினொரு தாளையும் நீட்டினேன். கடைசித் தாளிலிருந்து முதல் தாள்வரை படித்தார். பிறகு கடிகாரத்தைக் கழற்றினார்.

"இது எல்லாம் சைட்டேஷன்தானே ஏழுமலை?"

"ஆமா சார். ஆனா தப்புன்னு சொல்றாங்க."

"எத்தன பேரு சொன்னாங்கன்னுதான் உங்கள எண்ணச் சொன்னேன். இன்னா சொன்னாங்கன்னு யாரும் கேக்கல. நீங்க கணக்குல பி.எச்டி.யா?"

"இல்ல சார்."

"நானும் அந்தத் துறை இல்ல. நமக்கு ரெண்டு பேருக்கும் தெரியாத விஷயத்த, குழு வர்ற நேரத்துல, ஒரு பொம்பள தலையில போடறீங்க. அவங்களக் கொண்டாந்து உக்கார வெச்சவன் நான்." அவர் குரல் துளியும் ஏறவில்லை. "எண்ணிக்கை சரியா, தப்பா? அத மட்டும் சொல்லுங்க."

"எண்ணிக்கை சரி சார்."

"கையெழுத்துப் போடுங்க."

போர்வெல் வண்டி வியாழக்கிழமை வருகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். குப்புறக் கிடந்த கடிகாரம் மேசைக் கண்ணாடியில் துடிப்பது கேட்டது. சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டேன். எல்லா எழுத்தும் சரியாக இருந்த ஒரு தாளில் நான் வைத்த இரண்டாவது கையெழுத்து அது.

செவ்வாய்க்கிழமை காலை மேடம் ஆய்வகத்தைத் திறக்கும்போதே போய் நின்றேன். அன்று ஏதோ தைரியம் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். முந்தைய நாளைவிடப் பெரிய பயம் வந்திருந்தது, அவ்வளவுதான்.

மேடம் முதல் மூன்று தாளை நின்றபடியே பார்த்தார்.

"ப்ரூஃப் பாக்கறவரு எனக்கு கம்ப்யூட்டர் கணக்கு சொல்லித்தரப் போறீங்களா ஏழுமலை சார்?"

"இல்ல மேடம். வாக்கியம்தான் படிச்சேன்."

"முந்நூறு பேர்ல பதினோரு பேரு. எல்லாப் பேப்பர்லயும் நாலு பேரு இப்படித்தான் எழுதுவாங்க."

நான் மிச்சத் தாள்களையும் மேசைமேல் வைத்தேன். ஏழாவது தாளில் அந்த ஆசிரியர்கள் ஒரு சிறு படம் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்தபடி மேடம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். எவ்வளவு நேரம் என்று கடிகாரம் பார்த்தேன். பன்னிரண்டு நிமிடம் அவர் அந்தப் படத்தையும் தன் நிரலையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு, எனக்குச் சொல்வதுபோல் தனக்கே சொல்லிக்கொண்டார்.

"கம்ப்யூட்டர் ஒரே அடியா விடை சொல்லாது சார். முதல்ல ஒரு விடையை வெச்சிக்கும், அத திருத்தும், மறுபடி திருத்தும். ஒரு திருத்தத்துக்கும் அடுத்த திருத்தத்துக்கும் வித்தியாசம் ரொம்பக் கம்மியாச்சின்னா, வந்து சேந்தாச்சின்னு நிறுத்திடும். அந்த விதிய எழுதினது நான். மணலா ஒரே மாதிரி இருக்கிற நெலத்துல சோதிச்சேன், சரியா வந்துது. இங்க மணலுக்குப் பக்கத்துலயே பாறை. பாறை வந்தா திருத்தம் நத்தை மாதிரி போவும்." கொஞ்சம் நிறுத்தினார். "மெதுவா நடக்கறவன வந்து சேந்துட்டவன்னு நெனச்சிட்டேன்."

"பாதில நின்னா இன்னா ஆகும் மேடம்?"

அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

"முதல்ல வெச்சிக்கற விடை இன்னா தெரியுமா? எல்லா எடத்துலயும் நல்ல தண்ணி. அங்கேருந்துதான் ஆரம்பிக்கும். பாதில நின்னா, மிச்ச எடமெல்லாம் நல்ல தண்ணியாவே நிக்கும்."

நிறுத்தும் விதியை எடுத்துவிட்டு, முனிரத்தினத்தின் ஊருக்கான கணக்கை மறுபடி ஓடவிட்டார். பழைய முறையில் இருபது நிமிட வேலை. இப்போது அன்று மாலைவரை ஓடி முடியவில்லை. புதன்கிழமை காலை நான் போனபோது திரையில் வரைபடம் இருந்தது. ஒவ்வொரு ஆயிரம் திருத்தத்துக்கும் ஒருமுறை அது புதிதாக வரையப்படும். சிவப்பு ஓடையைத் தொட்டிருந்தது. பழைய வரைபடத்தில் அங்கேதான் நின்றது. பதினோரு மணிக்கு ஓடையைத் தாண்டியது. பார்த்துக்கொண்டே இருந்தால் நகர்வது தெரியாது. வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தால் ஒரு விரற்கடை வந்திருக்கும். மேடம் மதியம் சாப்பிடவில்லை. மூன்று மணி பத்து நிமிடத்துக்கு அடுத்த படம் வந்தது. பெருக்கல் குறி சிவப்புக்குள் இருந்தது.

"அந்தத் தலைவரு நம்பர் இருக்குதா சார்?"

இரண்டு முறை முனிரத்தினம் எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தார். போனை மேசைமேல் வைத்து ஒலியைக் கூட்டினார் மேடம். ஒரே இரைச்சல்.

"மேடம்! உங்களுக்கு நூறு ஆயுசு! இப்பதான் பேசலாம்னு இருந்தேன்! நாளைக்கு வர்ற வண்டி இன்னைக்கே வந்துட்ச்சி. வேற ஊர்ல கேன்சல் ஆயிட்ச்சாம். முந்நூறு அடிதான் மேடம், பீச்சி அடிக்குது! பசங்கல்லாம் நனஞ்சினு ஆடுதுங்க, கேக்குதா?"

கேட்டது. நன்றாகவே கேட்டது.

மேடத்தின் காரில் போனோம். ஒன்றரை மணி நேரத்தில் அவர் பேசியது இவ்வளவுதான். "உப்புதான் சார் முதல்ல வரும். அதுக்குப் பின்னாடி வர்ற தோல் ரசாயனத்த நெனச்சாதான் பயமா இருக்குது."

நாங்கள் சேர்ந்தபோது வண்டி போய்விட்டது. சகதியில் குழாய் நின்றது. தற்காலிக மோட்டார் போட்டு, பிளாஸ்டிக் குடங்களில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். குழாயில் சாமந்திச் சரம் கட்டி மஞ்சள் பூசியிருந்தது. தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தது. ஒரு பெண் சொம்பைக் கழுவி நிரப்பி மேடத்திடம் நீட்டினார்.

"குடிம்மா. நீ குடுத்த தண்ணி. மொத சொம்பு உனக்குத்தான்."

மேடம் சொம்பை வாங்கினார். வெயிலில் வந்திருந்தார், மதியம் சாப்பிடாதவர். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். குடிக்கவில்லை. அங்கிருந்த எல்லோரும் அதைப் பார்த்தார்கள். மோட்டாரை யாரோ நிறுத்தினார்கள்.

அவர் சொன்னார். தன் கணக்கில் தவறு, இந்த இடத்துக்கு ஷெட்டுத் தண்ணீர் வரும், குடிக்க வேண்டாம் என்று, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

முனிரத்தினம் முதலில் நம்பவில்லை. "தெளிவாதாம்மா கீது? நானே ரெண்டு சொம்பு குடிச்சேன். தேனு."

"இன்னைக்கு நல்லா இருக்கலாம். போகப்போக இருக்காது."

"எப்ப கெடும்?"

"அது இந்தக் கணக்குல வராது. கடைசில எங்க நிக்கும்னுதான் வரும்."

"கெட்டுடும்னு தெரியுது, எப்பன்னு தெரியல." அவர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "ஏம்மா, இத்த தேங்காக்காரன்கூட சொல்லுவானே!"

கூட்டம் சிரித்தது. மேடம் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. சொம்பை அந்தப் பெண்ணிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, காரிலிருந்து ஒரு காலி பாட்டிலை எடுத்து வந்தார்.

அந்தத் தண்ணீரின் பரிசோதனை முடிவு ஒன்பது நாள் கழித்து வந்தது. உப்பு, அனுமதித்த அளவுக்குள் இருந்தது. குடிக்கத் தகுந்தது.

டீன் என்னைக் கூப்பிட்டார். தன் கையாலேயே ஒரு நாற்காலியைக் காலிசெய்தார். "உக்காருய்யா. தண்ணி நல்லாக்குதாம். அப்ப பேப்பரும் நல்லாக்குதுன்னுதானே அர்த்தம்? ஏன்யா எல்லாரும் பயந்து சாவறீங்க?"

அவருக்குத் தெரியாதது ஒன்று உண்டு: மேடம் அதற்கு முந்தைய வாரமே ஆய்விதழுக்குத் திருத்தம் அனுப்பியிருந்தார். குழு வந்து போகட்டும் என்று டீன் தடுப்பார் என்று தெரிந்துதான் அவரிடம் சொல்லாமல் அனுப்பினார். பின்னர் தெரிந்தபோது கடிகாரம் கழன்றது. மேடத்துக்கு வரவிருந்த துறைத்தலைவர் பதவி வேறொருவருக்குப் போனது. என்னிடம், நான் ஓய்வுபெறும் நாள்வரை, டீன் 'ங்க' போட்டே பேசினார்.

சில மாதம் கழித்துத் திருத்தம் வெளிவந்தது. ஒரு பக்கம். எங்கே தவறு, யார் சுட்டிக்காட்டினார்கள், நிரலில் எந்த வரியை மாற்ற வேண்டும் எல்லாம் இருந்தன. நான் அதற்கும் ஒரு பட்டியல் திறந்து மேற்கோள்களை எண்ணத் தொடங்கினேன். ஓர் ஆண்டில் நான்கு. அதே ஆண்டில் பழைய கட்டுரைக்கு வந்ததில் பச்சைக் கோடு மட்டும் முப்பதுக்கு மேல். முதல் பக்கத்தைப் படித்தவர்கள் ஆறாம் பக்கத்தைப் படிக்கவில்லை. பச்சைக் கோடு விழுந்த ஒவ்வொரு ஆசிரியருக்கும் மேடம் திருத்தத்தை இணைத்து ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். பதில் எழுதியவர்கள் கொஞ்சம் பேர். ஒருவர், 'எங்கள் ஊரில் ஏற்கெனவே தோண்டியாகிவிட்டது' என்று மட்டும் எழுதியிருந்தார். மேடம் அதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு லேப்டாப்பை மூடினார்.

முனிரத்தினத்தின் ஊரில் அந்தக் குழாய்தான் குடிதண்ணீர் ஆனது. பரிசோதனையே நல்லது என்று சொன்ன பிறகு யார் மூடுவார்கள்? மேடம் கேட்டது ஒன்றுதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து தண்ணீர் எடுத்துப்போக விட வேண்டும். "தாராளமா வாங்கம்மா, வந்தா சாப்ட்டுட்டுதான் போணும்" என்றார் முனிரத்தினம்.

போகிறோம். மேடமும் ஓய்வுபெற்றுவிட்டார், இப்போது காட்பாடியில் இருக்கிறார். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட வேண்டும். அதே தண்ணீரில் பாட்டிலை மூன்று முறை அலச வேண்டும். கழுத்துவரை, காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்பி மூட வேண்டும். தேதியும் நேரமும் எழுதி ஒட்ட வேண்டும். அது என் வேலை. ஒவ்வொரு முறையும் முடிவு 'குடிக்கத் தகுந்தது' என்றே வந்தது. ஒவ்வொரு முறையும் உப்பின் எண், முந்தைய முறையைவிடக் கொஞ்சம் கூடியிருந்தது. ஒருமுறைகூடக் குறையவில்லை. வீட்டில் ஒரு நோட்டில் இரண்டு எண்களை அருகருகே எழுதிவருகிறேன். இடப்பக்கம் மேடத்தின் பழைய கட்டுரைக்கு வந்த மேற்கோள்கள். வலப்பக்கம் அந்தக் குழாயின் உப்பு. இரண்டும் ஏறுகின்றன.

கவிதா, உங்கள் திரையில் ஓடும் எண் சரியானதுதான். அதில் பிழை இருக்காது. கருப்புக் கோடு என்பது, அந்த எண்ணுக்குள் இருந்துகொண்டே 'இது தவறு' என்று சொல்கிறவர்கள். திரை அவர்களையும் ஒன்று ஒன்று என்றுதான் கூட்டும். நீங்கள் வாக்கியத்தைப் படித்தால் மட்டுமே தெரியும்.

இதை இங்கே முடித்து உங்களுக்கு அனுப்பிவிடலாம் என்று இன்று காலை நினைத்தேன். அப்போது முனிரத்தினம் போன் செய்தார். அடுத்த பாட்டில் எடுக்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அவராக எங்களை ஒருநாளும் அழைத்ததில்லை.

"சார், சும்மாதான் கூப்ட்டேன். வூட்ல ஒரு விஷயம் சொன்னாங்க. பருப்பு வேவ மாட்டேங்குதாம். கொஞ்ச நாளா இப்படித்தானாம். கடைக்காரன் பழைய பருப்பப் போட்டுட்டான்னு அவனாண்ட சண்ட போட்டுட்டு வந்தாங்க. இன்னைக்கு விசாரிச்சா எல்லார் வூட்லயும் அதே கததானாம்."

நான் காலண்டரில் தேதியைப் பார்த்தேன்.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். குடிக்கறத இன்னையிலேருந்து நிறுத்திடுங்க தலைவரே. சமையலுக்கும் வேணாம். நாளைக்குக் காலைல மேடமும் நானும் வர்றோம்."

இந்த முறை அவர் தேங்காய்க்காரரை இழுக்கவில்லை.

"நிறுத்திட்டு எந்தத் தண்ணிக்குப் போறது சார்?"

 வந்து பேசுகிறேன் என்று சொல்லி வைத்தேன். மேடத்துக்குச் சொன்னேன். "ஏழே காலுக்கு பஸ் ஸ்டாண்டு வாசல்ல நிக்கறேன்" என்றார், வேறொன்றும் கேட்கவில்லை. பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். பிறகு நோட்டைத் திறந்து, முனிரத்தினத்தின் வீட்டார் சொன்னதை அவர்கள் சொன்னபடியே எழுதினேன். பருப்பு வேவ மாட்டேங்குது. ஓரத்தில் கருப்பு பென்சிலால் ஒரு கோடு போட்டேன். இது உங்கள் திரையில் ஏறாது.